ஆடத் தெரியும், கூடம்தான் கோணல்

(வடசென்னையில், கொருக்குப்பேட்டையில் எங்கள் விளையாட்டு மன்றத்தின் ஆண்டு விழாவில் பேசியது. வர முடியாத நண்பர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வார்டு கவுன்சிலர் அவர்களே, டியூட்டியிலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் காவல் உதவி ஆய்வாளர் அவர்களே, இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காத நம் டாக்டர் ஐயா அவர்களே, பந்தலுக்கும் பிரியாணிக்கும் பொறுப்பேற்ற வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அத்தனை பேரும் 'சுருக்கமாக முடிக்கிறேன்' என்றுதான் ஆரம்பித்தார்கள். நான் அந்தப் பொய்யைச் சொல்லப் போவதில்லை. மைக் தம்பி, கொஞ்சம் சத்தத்தை ஏற்று. கவுன்சிலர் போர்த்திய சால்வைக்கு நன்றி. அதை நம் மன்றத்துக் கோல்கீப்பர் பையனுக்கே கொடுத்துவிடுகிறேன், மழைக்காலத்தில் அவனுக்குத்தான் உதவும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'மறக்க முடியாத விளையாட்டுத் தருணங்கள்'. கிரிக்கெட், கால்பந்து, குத்துச்சண்டை, கேரம், சதுரங்கம் என்று ஐந்து ஆட்டத்திலிருந்து ஐந்து காட்சிகள் சொல்லலாம் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பழமொழி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வருவேன்.

முதலில் கிரிக்கெட். 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. ராயபுரத்தில் ஏறி, பீச் ஸ்டேஷனில் மாறி, பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் போய் இறங்கினோம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட், நாலாம் நாள். வெற்றிக்கு 271 வேண்டும். சச்சின் முதுகு வலியோடு நின்று 136 அடித்தார். இன்னும் பதினேழே ரன் இருக்கும்போது சுழற்பந்து வீச்சாளர் சக்லைன் பந்தைத் தூக்கி அடித்து, பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்தார். அதற்குப் பிறகு நாலே ரன், மூணு விக்கெட், மூட்டை கட்டியாச்சு. பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். எனக்குப் பக்கத்தில் இருந்த மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஐந்தாவது நிமிஷம் அவரே எழுந்து நின்று கை தட்டுகிறார். யாருக்கு? மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்கு! அரங்கமே எழுந்து நின்று தட்டியது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1997-ல், இதே சேப்பாக்கத்தில் சயீத் அன்வர் 194 அடித்தபோதும் மெட்ராஸ்காரன் இப்படித்தான் எழுந்து தட்டினான். ஆட்டம் தெரிந்த ஊர் இது. ஆட்டம் தெரிந்தவன் கூடத்தைக் குறை சொல்ல மாட்டான், தோற்றாலும் கை தட்டுவான்.

அடுத்தது கால்பந்து. தலைமையாசிரியை அம்மா சிரிக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கதை தெரியும்.

1986 ஜூன் 22. மெக்சிகோவில் உலகக் கோப்பை, அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் காலிறுதி. அங்கே உச்சிவெயில், நமக்கு ராத்திரி பதினொன்றரை. காசிமேட்டில் ஐஸ் பேக்டரி முதலாளி வீட்டில் இழுத்து மூடுகிற கதவு வைத்த ஒரு சாலிடேர் டி.வி. கூடத்தில் நாற்பது பேர், திண்ணையில் பதினைந்து பேர், ஜன்னல் கம்பியில் பசங்க. முதலாளியின் அம்மா, நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம், கடைசியில் சுவரோரமாக வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பந்து எந்தப் பக்கம் போனால் கோல் என்றுகூட அதற்குத் தெரியாது. மணி ஆகிறதே, இவனுங்க எப்போது கிளம்புவானுங்க என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தது.

முதல் பாதியில் கோல் இல்லை. ஐம்பத்தோராவது நிமிஷம், பந்து மேலே எழும்புகிறது, மாரடோனா எகிறுகிறார், கோல்! கூடமே குதிக்கிறது. அப்போது ஹார்பரில் வேலை செய்த மாமா ஒருவர், "டேய், கைடா அது! கையில தட்டினான்டா!" என்றார். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு தம்பி, "இன்னா மாமா பேசற, தலைல அடிச்சான், ரெபரிக்குத் தெரியாதா?" என்றான். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. கை! தலை! கை! தலை!

எங்கள் கூட்டத்தில் ஒரு பாக்சிங் வாத்தியார் இருந்தார். 1980-ல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினாரே, அதை நேரில் பார்த்தவர். அன்றிலிருந்து எந்தப் பேச்சையும் அலியில்தான் முடிப்பார். அவர் எழுந்தார். நேராக டி.வி.க்கு முன்னால் போய் நின்றார். "யார்கிட்ட கதை வுடறீங்கோ? நான் அலியவே பார்த்தவன்டா. குத்துன்னா எனக்குத் தெரியாதா? தோளு எங்க இருக்கு பாரு, முட்டி எங்க இருக்கு பாரு. இது தலை இல்ல, சுத்தமான குத்து!" என்று இடது கையை மடக்கித் தூக்கிக் காட்டுகிறார். ஐம்பது பேரும் வாத்தியார் முஷ்டியைப் பார்க்கிறோம். இன்னொரு தரம் காட்டச் சொல்கிறான் ஒருத்தன். அவரும் காட்டுகிறார், இந்தத் தடவை எகிறி.

பின்னாலிருந்து ஆயா குரல். "அடப்பாவிங்களா, இன்னாடா ஒருத்தன் பந்த எடுத்துக்கினு எல்லாரையும் ஏமாத்திக்கினு உள்ள பூந்துட்டான்!"

திரும்பிப் பார்த்தால் கோல். முதல் கோலுக்கும் அதற்கும் நாலு நிமிஷம்தான் இடைவெளி. எதிரே வந்தவர்களை எல்லாம் தாண்டி, கோல்கீப்பர் ஷில்டனையும் தாண்டிப் போட்டாரே, பின்னாளில் 'நூற்றாண்டின் சிறந்த கோல்' என்று ஃபிஃபா நடத்திய வாக்கெடுப்பில் முதலில் வந்ததே, அந்தக் கோல்! காசிமேட்டில் அந்தக் கூடத்தில் அதை ஓடும்போதே பார்த்த ஒரே ஆத்மா ஆயாதான். நாங்கள் ரீப்ளேயில் பார்த்தோம். அதன்பின் ஆயா இருந்தவரைக்கும் எங்களில் யாராவது கால்பந்து பேசினால், "நீ சும்மா இரு, நீ எங்க பார்த்த?" என்று ஒரே வார்த்தையில் வாயை மூடிவிடும்.

கூடம் நேராகத்தான் இருந்தது, நாங்கள்தான் கோணலாக நின்றோம். பழமொழி வந்துவிட்டதா?

சரி, வீட்டுப் பக்கம் வருகிறேன். 2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியம். ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டியில் அரையிறுதி இரண்டாம் ஆட்டம், சென்னையின் அணியும் கோவாவும். நம் அணியின் ஜேஜே ஒரு கோல் போட்டு மூணே நிமிஷத்தில் இன்னொரு பந்து உயரே வருகிறது, தலையால் முட்டி உள்ளே அனுப்பினார் தனபால் கணேஷ். நம் வியாசர்பாடிப் பிள்ளை! எனக்கு முன் வரிசையில் இருந்த பசங்க போட்ட கூச்சலில் என் காதில் இரண்டு நாள் வண்டு ரீங்கரித்தது. மூன்றுக்குப் பூஜ்யம், பிறகு பெங்களூரில் கோப்பையும் நமக்கே. வியாசர்பாடியைச் 'சின்ன பிரேசில்' என்று ஊரே சொல்கிறதே, அது வெறும் பேச்சில்லை என்று கண்ணால் கண்ட நாள் அது.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. அந்தப் பிள்ளைகள் எங்கே ஆடி வளர்கிறார்கள்? கவுன்சிலர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். 2024 அக்டோபரில் மாநகராட்சி ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. வியாசர்பாடித் திடலும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஊர் எதிர்த்தது, தீர்மானம் வாபஸ் ஆனது. நல்லது, நன்றி. ஆனால் 120 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டா தனபால் கணேஷ் பந்து பழகியிருப்பார்? ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரம் ஆடினால் மாதத்துக்கு 7,200 ரூபாய். நம் தெருவில் வீட்டு வாடகையே அவ்வளவுதான்.

இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஆடத் தெரியும். கூடம்தான் கோணல்.

குத்துச்சண்டைக்கு வருகிறேன். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்ற குத்துச்சண்டைக் குழுக்கள் பரம்பரை பரம்பரையாகக் கையுறை மாட்டிய மண் இது. அலி கதைதான் ஏற்கெனவே சொல்லியாயிற்று, அதனால் கேரமுக்குத் தாவுகிறேன். அதற்கு முன்னால் ஒரு கிரிக்கெட் கேள்வி.

கபில் தேவ் 1983-ல் ஜிம்பாப்வேக்கு எதிராக 17-க்கு 5 என்ற நிலையிலிருந்து 175 அடித்தாரே, யாராவது டி.வி.யில் பார்த்தீர்களா? பார்த்திருக்க முடியாது. அங்கே கேமராவே இல்லை. அதைப் பற்றி இன்றைக்கும் வருத்தப்படுகிறோம். 2008-ல் வியாசர்பாடி இளவழகி பிரான்ஸ் நாட்டுக் கான் நகரத்தில் கேரம் உலக சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் காசிமா, நம் வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் மகள், அமெரிக்காவில் ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூணு தங்கம் வாங்கி வந்தார். அந்தக் கடைசிக் காயின் குழியில் விழுந்த நொடியை நம்மில் யார் பார்த்தோம்? அதற்கு மட்டும் ஏன் வருத்தமே வரவில்லை? தெருவிளக்குக்குக் கீழே பலகை போட்டு, போரிக் பவுடர் தூவி, லாரி ஹாரன் அடிக்க அடிக்கக் குறி பார்த்து வளர்ந்த விரல்கள் அவை.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். சதுரங்கம் போச்சு. சிங்கப்பூரில் உலக சதுரங்க சாம்பியன் ஆனதும் குகேஷ் கண் கலங்கியதைச் சொல்லலாம் என்றிருந்தேன், அடுத்த வருஷம் கூப்பிட்டால் சொல்கிறேன்.

ஆகவே நேராகக் கேட்கிறேன். நம் வார்டு மைதானத்துக்கு ராத்திரி பத்து மணி வரை விளக்கு வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து வருகிற பையன் இருட்டில் எந்தப் பந்தைத் தேடுவான்? கேட்டுக்குப் பூட்டு கூடாது, உள்ளே லாரி நிறுத்தக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஓர் அறையும் கழிப்பறையும் வேண்டும். 2018-ல் மணிப்பூரையே 2-1 என்று தோற்கடித்துத் தேசிய கால்பந்துக் கோப்பையைத் தூக்கிவந்தது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. நம் தெருப் பெண் ஒருத்தி ஷூ மாட்ட ஆட்டோவுக்குப் பின்னால் போய் உட்காருகிறாள். உதவி ஆய்வாளர் அவர்களே, விளக்கு எரிந்தால் அந்த மூலையில் உங்களுக்கும் ராத்திரி வேலை குறையும், இது என் சொந்த அபிப்பிராயம்.

மேடைக்கு இடது பக்கம், தண்ணீர்ப் பந்தல் பக்கத்தில், மனு வைத்திருக்கிறோம். பிரியாணிக்குப் போகும் வழியும் அதுதான், வேண்டுமென்றேதான் அங்கே வைத்தோம். பெயர், கதவு எண், கையெழுத்து. கவுன்சிலர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், கை தட்டுங்கள், பிறகு மறுக்க முடியாது.

கடைசியாக பந்தல்காரத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இந்த மேடைக்காக மைதானத்தில் பதினாறு குழி தோண்டியிருக்கிறீர்கள். போன விழாவுக்குத் தோண்டியதில் இரண்டு குழி இன்னும் மூடவில்லை, அதில் கால் மாட்டிய பையன் கட்டோடு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். நாளைக் காலை ஆறு மணிக்கு அண்டர் பதினான்கு மேட்ச். கம்பைப் பிடுங்கியதும் மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மிதித்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். நான் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வணக்கம்.