மழைநீரின் மேல் ஒரு மாளிகை

நேயர்களுக்கு வணக்கம். கிரேக்க நாட்டில் ஹைட்ரா என்றொரு தீவு. அங்கே கார், பைக் ஓடுவதில்லை. அரிசி மூட்டையோ அலமாரியோ, கழுதை முதுகில்தான் மேடேறும். துறைமுகத்தில் இறங்கி அண்ணாந்தால், மேற்குச் சரிவில் மஞ்சள் காவி பூசிய பெரிய வீடு கண்ணில் படும். லாசரோஸ் குந்துரியோத்திஸ் என்ற கப்பல் முதலாளியின் வீடு, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது.

கிட்டப் போனால் மாளிகைக்களை கம்மிதான். தடித்த கல்சுவர், அலங்காரமில்லாத முகப்பு. கடற்கொள்ளையர் திரிந்த கடல், தலைக்கு மேலே ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சி. பணத்தைத் தெருவுக்குக் காட்டாமலிருப்பதே புத்திசாலித்தனம் என்று நினைத்திருப்பார்கள். பகட்டெல்லாம் உள்ளேதான். அந்தப் பணமும் லேசாக வந்ததல்ல. நெப்போலியன் காலத்துப் போர்களில் பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையை மீறித் தானியம் ஏற்றிப்போய் ஹைட்ராக்காரர்கள் சம்பாதித்தது.

சரி, இத்தனை பெரிய வீட்டுக்குத் தண்ணீர்? தீவோ வெறும் பாறை, ஆறு கிடையாது. மழையும் குளிர்காலத்தோடு சரி, கோடையில் ஏமாற்றிவிடும். அதனால் கூரையில் விழுகிற மழையை வழிந்தோட விடாமல் வாய்க்கால் வைத்து இறக்கி, வீட்டுக்கடியில் தொட்டி கட்டிச் சேர்த்தார்கள். சமையலுக்கும் துவைக்கவும் அதில்தான் மொள்ள வேண்டும். தொட்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த மழை வரைக்கும் குடும்பம் நடந்திருக்கும். மாவு, எண்ணெய், ஒயின் எல்லாம் மொத்தமாக வாங்கி அடுக்கிவைக்கும் அறைகள் வேறு. நீண்ட பயணத்துக்குக் கிளம்பும் கப்பலில் சரக்கேற்றுகிற கணக்குத்தான். ஆண்கள் மாதக்கணக்கில் கடலில் இருக்க, இந்த இருப்பையெல்லாம் கட்டி ஆண்டவர்கள் பெண்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வரலாற்றில் கப்பல்காரர் பெயர்தான் நிற்கிறது!

1821-இல் ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்துக் கிரேக்க விடுதலைப் போர் மூண்டதும் லாசரோஸ் தன் சொத்தில் பெரும்பகுதியைப் போருக்குக் கொடுத்தார். சரக்குக் கப்பல்களில் பீரங்கி ஏறியது. தம்பி கெயோர்கியோஸ் அரசுக்கே தலைமை தாங்கப் போனார். அண்ணன் தீவிலேயே இருந்துகொண்டார். 1852-இல் காலமானார்.

வாரிசுகள் 1979-இல் வீட்டை கிரேக்க வரலாற்று, இனவியல் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அது தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் கிளை. பழைய தட்டுமுட்டுச் சாமான்கள், அந்தக் காலத்து உடைகள், ஓவியங்கள் எல்லாம் பார்க்கலாம். வீடு வரைக்கும் படிக்கட்டுதான். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.