பி20 என்று இருந்தாலே எச்.ஐ.வி. உறுதியா?

[திரையில்: அமெரிக்க மருத்துவமனைப் பதிவின் ஒரு வரி. நோய்க் குறியீடு பி20]

அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் புழக்கத்தில் உள்ள ஐ.சி.டி-10-சி.எம். என்ற நோய்க் குறியீட்டு முறையில் பி20 என்றால் எச்.ஐ.வி. நோய். சரி, அப்படியானால் இவருக்கு எச்.ஐ.வி. உறுதிதானே? அவசரப்படாதீர்கள்.

[திரையில்: இசட்21, ஆர்75, இசட்11.4]

தொற்று இருந்து, அதனால் நோய் எதுவும் வராதவருக்கு இசட்21. பரிசோதனை முடிவு தெளிவில்லாவிட்டால் ஆர்75. வெறுமனே பரிசோதித்துக்கொள்ள வந்தவருக்கு இசட்11.4. பரிசோதனைக்கு வந்தவர் கணக்கில் பி20 விழுந்துவிட்டால் பதிவில் அவர் நோயாளி!

விதி என்னவோ கறார்தான். பெரும்பாலான நோய்களில், உள்நோயாளியை அனுப்பும்போது மருத்துவர் 'இருக்கலாம்' என்று எழுதினாலே குறியீடு போடலாம். எச்.ஐ.வி.க்கு அது செல்லாது, உறுதியானால்தான். ஆனால் ஆய்வக அறிக்கை கோப்பில் இருந்தாக வேண்டும் என்பதில்லை, மருத்துவர் எழுதிய ஒரு வரி போதும். எனக்கு இடிப்பது இந்த இடம்தான். இன்னொன்று: எச்.ஐ.வி. சார்ந்த நோய் ஒருமுறை வந்து பி20 போட்டுவிட்டால், பிறகு ஆள் எவ்வளவு நலமாக இருந்தாலும் இசட்21-க்குத் திரும்ப முடியாது.

[திரையில்: 1,00,000 புள்ளிகள், 400 சிவப்பாகின்றன]

இப்போது ஒரு கணக்கு. ஒரு லட்சம் பேரில் 400 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். தொற்று இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு நாலு பேருக்கு மட்டும் குறியீடு தவறுகிறது. சின்னப் பிழைதானே? மீதி 99,600 பேரில் அது 398 பேர். உண்மையான நோயாளி ஒருவரையும் விடாமல் பிடித்தாலும், பட்டியலில் கிட்டத்தட்ட பாதிப் பேர் தவறாக வந்தவர்கள்.

அதனால்தான் ஆய்வாளர்கள் ஒற்றைக் குறியீட்டை நம்புவதில்லை. கனடாவின் ஒன்டாரியோவில், மூன்று ஆண்டுகளில் மூன்று முறையாவது மருத்துவர் பில்லில் எச்.ஐ.வி. குறியீடு வந்திருக்க வேண்டும் என்று விதி வைத்துச் சோதித்தார்கள். தற்செயலாக விழுந்த குறியீடு பெரும்பாலும் ஒருமுறையோடு நின்றுவிடும். சிகிச்சையில் இருப்பவர் திரும்பத் திரும்ப வருவார்.

மருந்துச் சீட்டையும் சேர்த்துப் பார்க்கலாம், ஆனால் அதிலும் ஒரு சிக்கல். டெனோஃபோவிர் என்ற மருந்து எச்.ஐ.வி.க்கும் உண்டு, ஹெபடைட்டிஸ் பி-க்கும் உண்டு. எம்ட்ரிசிடபின் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து, தொற்றே இல்லாதவர்கள் தற்காப்புக்காகவும் சாப்பிடுகிறார்கள். அது 'பிரெப்'. அதற்கென்றே இசட்29.81 என்ற தனிக் குறியீடு வந்தது 2023 அக்டோபரில்தான். அதற்கு முந்தைய பதிவுகளில் மாத்திரையை மட்டும் பார்த்தால் பிரித்தறிவது கடினம். சிடி4 எண்ணிக்கையைத் தேடுங்கள், அதாவது எச்.ஐ.வி. தாக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவு. பிரெப் எடுப்பவருக்கு அதை வழக்கமாகப் பார்ப்பதில்லை.