அரசு ஒடுக்க ஆரம்பிச்சா எதிர்க்கணுமா? சென்னையில போராடப் போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கனமான விஷயம். ஒரு அரசு மக்களை ஒடுக்க ஆரம்பிச்சா குடிமக்கள் எதிர்க்கணுமா, வேண்டாமா? என் பதிலை முதல்லயே சொல்லிடறேன்: எதிர்த்தே ஆகணும். ஆனா எதிர்க்கிறவங்க சட்ட நடைமுறையில அரசை விடக் கறாரா இருக்கணும். போராட்டத்துக்குக் கலவரம்னு பேர் வைக்கிறதுதான் ஒடுக்குற அரசுக்கு இருக்கிற சுலபமான வழி. அந்தப் பேரை வைக்க ஒரு சின்ன சாக்குகூட நாம கொடுக்கக் கூடாது.

நமக்குப் பிடிக்காத அரசு வேற, ஒடுக்குற அரசு வேற. பஸ் கட்டணம் ஏறுது, ஒரு திட்டம் சொதப்புதுன்னா அது மோசமான நிர்வாகம், அதுக்கு ஓட்டு இருக்கு. ஒடுக்குமுறையை அளக்கணும்னா, எதிர்த்துப் பேசின ஆளுக்கு அடுத்து என்ன ஆச்சுன்னு பாருங்க. கைது பண்ணினா 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துறாங்களா? அடைச்சு வெச்ச ஆளை முன்னாடி நிறுத்தச் சொல்லி ஆட்கொணர்வு மனு போட்டா கோர்ட் எடுத்துக் கேட்குதா? பேப்பர்ல செய்தி வருதா? தேர்தல் நேரத்துக்கு நடக்குதா?

1975 ஜூன் 25 நெருக்கடி நிலை வந்தப்போ இந்தக் கதவெல்லாம் ஒண்ணொண்ணா சாத்தினாங்க. பத்திரிகைக்குத் தணிக்கை. மக்களவையோட ஆயுள் நீட்டிப்பு. விசாரணை இல்லாமலே அடைக்கிற மிசா சட்டத்துல பிடிச்ச ஆளுக்காகக் கோர்ட்டுக்குப் போக முடியும்னு ஒன்பது உயர்நீதிமன்றங்கள் சொன்னதை, 1976 ஏப்ரல் 28 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் 4-1ன்னு தள்ளிவிட்டுச்சு. அந்த ஒத்தை எதிர்ப்புத் தீர்ப்பு நீதிபதி எச்.ஆர். கன்னாவோடது. அதே வருஷம் ஜனவரி 31 இங்க திமுக ஆட்சியைக் கலைச்சாங்க. நம்ம சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல இருந்த மத்திய சிறையில மிசா கைதிகளை அடிச்சதுல, முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிரே போச்சு. பின்னாடி நீதிபதி இஸ்மாயில் ஆணையம் இதை விசாரிச்சுது. 1978ல 44வது திருத்தம் வந்த பிறகுதான், நெருக்கடி நிலையிலகூட 20, 21 பிரிவு உரிமைகளை (உயிர், தனிமனித சுதந்திரம் மாதிரியானது) நிறுத்தி வைக்க முடியாதுன்னு ஆச்சு.

இதுக்கு எதிரா ஒரு பலமான வாதம் இருக்கு. அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்னைக்கு அரசியல் நிர்ணய சபையில, இனிமே சட்ட மறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் எல்லாத்தையும் விட்டுடணும்னு சொன்னார். 1927ல, ஒடுக்கப்பட்டவங்களுக்கு மறுக்கப்பட்ட மகத் குளத்துத் தண்ணியை அந்த மக்களோட போய் அள்ளிக் குடிச்ச அதே தலைவர்தான் இதைச் சொன்னார். அவர் வாதத்தோட உயிர் ஒரு நிபந்தனையில இருக்கு: அரசியல் சட்ட வழிகள் திறந்திருக்கிற வரைக்கும் மத்த வழிகளுக்கு நியாயம் கிடையாதுன்னார். நான் இதை அப்படியே ஏத்துக்கறேன். அதனாலதான் வழிகள் நிஜமாவே திறந்திருக்கான்னு தட்டிப் பார்க்கிறதே எதிர்ப்போட முதல் வேலைன்னு சொல்றேன். தட்டினதுக்குக் கையில ரசீதும் இருக்கணும்.

சரி, சென்னைக்கு வருவோம். அரசியல் சட்டம் 19(1)(ஆ), ஆயுதம் இல்லாம அமைதியாக் கூடுற உரிமையைக் கொடுக்குது. பொதுத் தெருவுல கூட்டமே கூடாதுன்னு முழுசாத் தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தத்தான் முடியும்னு 1973லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல அந்த ஒழுங்குபடுத்துற சட்டம், 1888ல வந்த சென்னை நகரக் காவல் சட்டத்தோட 41வது பிரிவு. அதை வெச்சு கமிஷனர் ஒரு உத்தரவு போடுவார், 15 நாள் இருக்கும், முடிஞ்சதும் மறுபடி போடுவார். அதனால இங்க கிட்டத்தட்ட எப்பவுமே அனுமதி வாங்கித்தான் கூடணும். 5 நாள் முன்னாடி மனு கொடுக்கணும்பாங்க. நீங்க 15 நாள் முன்னாடியே கொடுங்க. கடைசி நாள்ல கொடுத்தா, மறுப்பு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வரும். அப்புறம் ஹைகோர்ட்டுக்குப் போக நேரமே இருக்காது.

மனுவுல பொறுப்பாளர் பேர், முகவரி, போன் நம்பர் இருக்கணும். ஆர்ப்பாட்டமா, உண்ணாவிரதமா, பேரணியா, எந்த இடம், எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும், சுமாரா எத்தனை பேர், மைக் செட், ஜெனரேட்டர், வண்டி உண்டான்னு எழுதுங்க. எண்ணிக்கையைக் குறைச்சு எழுதாதீங்க. 100 பேர்னு எழுதி 600 பேர் வந்தா, நிபந்தனையை மீறிட்டீங்கன்னு அதுவே வழக்காயிடும். அந்த இடத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு பிரதி கொண்டுபோய் ஒண்ணுல சீல், தேதி, கையெழுத்து வாங்குங்க. வாங்க மாட்டேன்னு சொன்னா அதே மனுவை ஸ்பீட் போஸ்ட்ல அந்த ஸ்டேஷனுக்கும் வேப்பேரி கமிஷனர் ஆபீஸுக்கும் அனுப்பி ரசீதை வைங்க. மறுத்தா வாய்வார்த்தையை ஏத்துக்காதீங்க, காரணத்தோட எழுத்துல கேளுங்க. அந்த ஒரு தாள் இருந்தா அரசியல் சட்டம் 226வது பிரிவுல ஹைகோர்ட்ல ரிட் மனு போடுறப்போ பலமா இருக்கும், அரசு எந்தக் காரணத்துக்காகத் தடுத்துச்சுன்னு பதிவும் ஆகும்.

வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம் மாதிரி வழக்கமான இடங்களைக் கேட்டா அனுமதி சுலபமாக் கிடைக்கும். மெரினா கிடைக்காது. 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் அங்க விடுறதில்ல. 2018ல தனி நீதிபதி ஒரு நாள் உண்ணாவிரதத்துக்கு அனுமதிச்சதை இரண்டு நீதிபதிகள் அடங்கின டிவிஷன் பெஞ்ச் ரத்து பண்ணிடுச்சு. என் அபிப்பிராயம், இது சரியில்ல. யாரும் பார்க்காத ஓரத்துல நடக்குற ஆர்ப்பாட்டத்துக்குப் பாதி பலம்தான். ஆனா இடத்துக்காகச் சண்டை போட்டு விஷயத்தைத் தொலைக்கிற ஆபத்தும் இருக்கு. 2025 ஆகஸ்ட்ல ரிப்பன் மாளிகை வாசல்ல தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தாங்க. தனியார்மயத்தை எதிர்த்து அவங்க வெச்ச கோரிக்கை நியாயமானது. ஆனா வழக்கு நடைபாதையைப் பத்தியும் அனுமதியைப் பத்தியும் திரும்பிடுச்சு. கோர்ட் உத்தரவு வந்த ராத்திரியே அப்புறப்படுத்திட்டாங்க. அனுமதி கேட்ட தாளும் மறுத்த தாளும் முன்கூட்டியே கையில இருந்தா, இப்படித் திரும்புறப்போ நிக்க ஒரு இடம் இருக்கும்.

தெரிஞ்சே தடையை மீறப் போறீங்களா? 1930ல ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளினது அப்படித்தான். தேதி சொல்லி, பேர் சொல்லி, தண்டனையை ஏத்துக்கிட்டுப் பண்ணினாங்க. இன்னைக்கு அதுக்கான பிரிவு பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த புது குற்றவியல் சட்டம்) 223, பழைய ஐபிசில 188. ஆறு மாசம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், கலவர ஆபத்துன்னு சொன்னா ஒரு வருஷம், 5,000. இரண்டுக்கும் ஜாமீன் உரிமையாவே கிடைக்கும். இதுல முக்கியமான ஒண்ணு: உத்தரவு போட்ட அதிகாரி எழுத்துல புகார் கொடுத்தாத்தான் கோர்ட் இதை எடுத்துக்க முடியும். வெறும் 188க்கு போலீஸே எஃப்ஐஆர் போட முடியாதுன்னு 2018ல மதுரைக் கிளை தீர்ப்பு சொல்லியிருக்கு.

ஆபத்து வேற பிரிவுல இருக்கு. பேரிகேடைத் தள்ளுறப்போ ஒரு கான்ஸ்டபிள் மேல கை பட்டாப் போதும், பிஎன்எஸ் 132. பழைய 353. ஜாமீன் உரிமையாக் கிடைக்காத பிரிவு, கோர்ட் மனசு வெச்சாத்தான் கிடைக்கும். பஸ் கண்ணாடி உடைஞ்சா பொதுச்சொத்து சேதத் தடுப்புச் சட்டம், அதுவும் அப்படித்தான். கொடிக்குத் தடியான கம்பு கொண்டு வராதீங்க, எஃப்ஐஆர்ல அது ஆயுதமா மாறிடும். மெல்லிசான பிளாஸ்டிக் பைப் போதும். 25 பேருக்கு ஒரு தொண்டர் வீதம் கையில பட்டை கட்டி நிறுத்துங்க. முகம் தெரியாத யாராவது கல்லெடுத்தா, அடிக்கப் போகாதீங்க. சுத்தி உட்காருங்க, வீடியோ எடுங்க. கூட்டமே உட்கார்ந்துட்டா நிக்கிறவன் தனியாத் தெரிவான். அமைதி வழியை நான் புண்ணியத்துக்காகச் சொல்லல. 1900ல இருந்து 2006 வரைக்கும் உலகத்துல நடந்த 323 பெரிய போராட்டங்களை இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தாங்க. ஆயுதம் எடுக்காததுல 53 சதவீதம் ஜெயிச்சுது, எடுத்ததுல 26தான்.

கலைஞ்சு போங்கன்னு எஸ்ஐ அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி அறிவிச்ச நிமிஷத்துல இருந்து சட்டக் கணக்கு மாறுது. அப்போ பொறுப்பாளர் மைக்ல தெளிவாச் சொல்லணும்: கைதாக விரும்புறவங்க உட்காருங்க, மத்தவங்க இந்தப் பக்கமாக் கிளம்புங்க. வயசானவங்க, மாத்திரை சாப்பிடுறவங்க, அரசு வேலையில இருக்கிறவங்களை முதல்ல அனுப்புங்க. வக்கீல் நம்பரை எல்லாரும் முன்னங்கையில மார்க்கர்ல எழுதியிருக்கணும், ஏன்னா போனை வாங்கிட்டா ஒரு நம்பரும் ஞாபகம் வராது. கண்ணீர்ப்புகை வந்தா கண்ணைத் தேய்க்காதீங்க. காத்து வர்ற திசையைப் பார்த்து நகர்ந்து, சுத்தமான தண்ணியில நல்லாக் கழுவுங்க. கான்டாக்ட் லென்ஸ் அன்னைக்கு வேண்டவே வேண்டாம்.

பெரும்பாலும் பஸ்ல ஏத்தி ஒரு கல்யாண மண்டபத்துல வெச்சுட்டு சாயங்காலம் விட்டுடுவாங்க. அங்கேயே எல்லாரோட பேரையும் எழுதி வெளியில ஒருத்தருக்கு அனுப்புங்க. சாயங்காலம் எண்ணிக்கை சரியா இருக்கணும். முன்னெச்சரிக்கைக் கைதுன்னா பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 170, அதுல 24 மணி நேரத்துக்கு மேல வைக்க முடியாது. முறையான கைதுன்னா கைது மெமோவுல சாட்சி கையெழுத்து இருக்கணும், காரணம் சொல்லணும், வீட்டுக்குத் தகவல் போகணும். சூரியன் மறைஞ்சு உதிக்கிறதுக்குள்ள பெண்ணைக் கைது பண்ணணும்னா மாஜிஸ்திரேட் முன் அனுமதியோட பெண் போலீஸ் வரணும். போனை எடுத்தா மகஜர் (பறிமுதல் பண்ணினதுக்கான எழுத்துப் பதிவு) கேளுங்க. வக்கீல் கிடைக்கலைன்னா 15100, இலவச சட்ட உதவி. அடிச்சிருந்தா மாஜிஸ்திரேட் முன்னாடி வாயைத் திறந்து சொல்லிடுங்க, அங்க சொல்லாததை அப்புறம் நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம். அரசு ஆஸ்பத்திரியில ஏஆர் காப்பி (காயத்தைப் பதிவு பண்ற விபத்துப் பதிவேட்டு நகல்) போடச் சொல்லுங்க. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ள புகார் போகணும்.

குண்டர் சட்டம் (விசாரணை இல்லாமலே தடுப்புக் காவல்ல வைக்கிற சட்டம்) போட்டா அது தனிக் களம். 2017 மே மாசம் மெரினாவுல ஈழத்துல இறந்தவங்களுக்கு மெழுகுவத்தி ஏத்த வந்ததுக்காக, மே 17 இயக்கத்தோட திருமுருகன் காந்தி உட்பட நாலு பேர் மேல அது பாய்ஞ்சுது. செப்டம்பர்ல ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. நடுவுல போன நாலு மாசம் திரும்பி வரல. அதனால தேதிகளை மனப்பாடமா வெச்சுக்கணும். 5 நாளுக்குள்ள காரணம் எழுத்துல தரணும், 12 நாளுக்குள்ள அரசு ஒப்புதல், 3 வாரத்துக்குள்ள ஆலோசனைக் குழு. காரணத் தாள் கைதிக்குத் தெரிஞ்ச மொழியில இருக்கணும். மறுப்பு மனுவை முதல் வாரத்துலயே கொடுங்க, அதை அரசு தாமதமாப் பார்த்தாலே ஆட்கொணர்வு மனுவுல அது நமக்குப் பெரிய பிடி. இதெல்லாம் மீறி அமைதியா ஒரு மெழுகுவத்தி ஏத்தினதுக்கு ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கக்கூடிய சட்டம் நம்ம மாநிலத்துல இருக்குங்கிறது எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

வீடியோ பத்தி. தூத்துக்குடியில 2018 மே 22ம் தேதியும் அதைத் தொட்டும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல 13 பேர் செத்தாங்க. அருணா ஜெகதீசன் ஆணையம், சுட வேண்டிய நிலைமையே அங்க இல்லைன்னு அறிக்கை கொடுத்துச்சு. அப்படி ஒரு முடிவுக்கு வர பதிவுகள் வேணும். வாட்ஸ்அப்ல அனுப்பின வீடியோ சுருங்கிடும், எடுத்த நேரம் மாதிரி உள்தகவலும் போயிடும். அதனால எடுத்த போன்லயே ஒரிஜினலை வைங்க, அழிக்காதீங்க, வெட்டாதீங்க. அன்னைக்கே ஒரு பென்டிரைவ்ல நகல் எடுங்க. கோர்ட்டுக்குக் கொடுக்கிறப்போ புது சாட்சியச் சட்டம் (பிஎஸ்ஏ) 63வது பிரிவு சான்றிதழ் வேணும், அதுல கோப்போட ஹேஷ் எண்ணும் (கோப்பை மாத்தலைன்னு காட்டுற எண்) கேட்பாங்க. எடுத்தவர் யார்னு சொல்ல முடியாத வீடியோ, டிவிக்கு உதவும், வழக்குக்கு உதவாது.

போராட்டம் முடிஞ்ச மறுநாள் தமிழ்நாடு போலீஸ் இணையதளத்துல எஃப்ஐஆர் இருக்கான்னு பாருங்க. சில வழக்குகளைத் தவிர 24 மணி நேரத்துல ஏத்தணும்னு 2016ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. பேர் இருந்தா விட்டுடாதீங்க. இரண்டு வருஷம் கழிச்சு சம்மன் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பினா பிடிவாரண்ட் வரும், பாஸ்போர்ட் சரிபார்ப்புல நிக்கும். ஒரே வழக்குல இருக்கிற எல்லாரும் சேர்ந்து பிஎன்எஸ்எஸ் 528ல ரத்து மனு போட்டா செலவும் குறையும். வீடு மாறினா புது முகவரியை ஸ்டேஷனுக்கும் வக்கீலுக்கும் எழுத்துல கொடுத்து, அந்த மனுவுலயும் ஒரு சீல் வாங்கி வைங்க.