உதைபந்தாட்ட வீரர்களின் சுயசரிதைகளை வாசிப்பதில் பயன் உண்டா? – கிண்ணியாத் தம்பியின் கேள்விக்குப் பதில்

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "புகழ்பெற்ற உதைபந்தாட்ட வீரர் ஒருவரின் சுயசரிதையைப் பல ஆயிரம் ரூபா கொடுத்து வாங்கினேன். எண்பது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. எந்த ஆண்டு எந்தக் கிண்ணம் வென்றோம் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஊர்க் கழகத்துக்கு விளையாடிய என் மாமா, 'காலால் விளையாடுகிறவன் கையால் என்னத்தை எழுதப் போகிறான்' என்கிறார். இந்தப் புத்தகங்களை வாசிப்பதில் பயன் உண்டா?"

தம்பி, அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். அதை வாசித்து முடிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் மாமாவின் பேச்சை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

இவற்றில் பல புத்தகங்கள் சந்தைக்காகவே வருகின்றன. இங்கிலாந்து வீரர் வெய்ன் ரூனியின் முதல் சுயசரிதை 2006இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 20. ஐந்து புத்தகங்களுக்கு ஒப்பந்தம்! அந்த வயதில் ஓர் இளைஞன் எதைத் திரும்பிப் பார்ப்பான்? கோல் அடித்த கதையைத்தான் சொல்வான். அதை நாம் ஏற்கெனவே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டோமே.

இன்னொன்று, பெரும்பாலான வீரர்கள் பேசுவார்கள், எழுதுபவர் வேறொருவர். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கேட்கத் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்தால் வீரருக்கே மறந்துபோனவை வெளியே வரும். ஆபத்தும் உண்டு. அயர்லாந்து வீரர் ரோய் கீன் 2002இல் வெளியிட்ட நூலில், அதற்கு முந்தைய ஆண்டு ஹாலண்ட் என்ற வீரரின் காலை வேண்டுமென்றே உதைத்ததாகப் பொருள்படும்படி எழுதப்பட்டிருந்தது. இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அவருக்கு ஐந்து ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்ட் தண்டமும் விதித்தது. அந்தச் சொற்களில் எழுத்தாளராகத் தான் கூட்டி எழுதியதும் கலந்திருப்பதாக, நூலை எழுதிக்கொடுத்தவர் விசாரணையில் சொன்னார். அவர் பெயர் ஈமன் டன்ஃபி. நினைவில் வைத்திருங்கள், அவரிடம் திரும்ப வருகிறேன்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கடையிலோ நூலகத்திலோ இப்படி ஒரு புத்தகம் கையில் கிடைத்தால் முதல் பக்கத்துக்குப் போக மாட்டேன். அந்த வீரர் மிக மோசமாகத் தோற்ற நாள் எது என்று யோசித்து, அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பேன். அங்கே இரண்டு வரியில் கடந்து போயிருந்தால் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடுவேன்.

இத்தாலியின் அந்திரேயா பிர்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 மே மாதம், இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கழகங்களுக்கான சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். இடைவேளையில் அவருடைய கழகமான மிலான் 3-0 என்று முன்னிலையில் இருந்தது. லிவர்பூல் மூன்றையும் திருப்பி அடித்து, பெனால்டி உதைகளில் வென்றது. பிர்லோ அடித்த பெனால்டியும் தடுக்கப்பட்டது. அதன் பிறகு ஆட்டத்தையே விட்டுவிட நினைத்ததாகவும், கண்ணாடியைப் பார்க்கக்கூடத் துணிவு வரவில்லை என்றும் அவர் தன் சுயசரிதையில் சொல்கிறார். அடுத்த ஆண்டு பெர்லினில் உலகக் கிண்ண இறுதியாட்டம். இத்தாலியின் முதல் பெனால்டியை அடிக்கப் போனவரும் அவர்தான். மைதான நடுவிலிருந்து பந்து வைக்கும் இடம்வரை நடக்கும் அந்த ஐம்பது மீற்றர், அச்சத்தின் நடுவே நடப்பது போன்றது என்கிறார். பந்து வலைக்குள் போனது.

அந்தப் பகுதியை வாசித்தபோது நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பதினேழு வயதில், இங்கே திருகோணமலையில், பாடசாலைகளுக்கிடையிலான ஓர் ஆட்டத்தில் நானும் அந்த நடை நடந்தேன். நான் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்துபோனது. அன்றைக்கு வீட்டுக்கு நேராகப் போகாமல் கடற்கரையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். உலகக் கிண்ணம் வென்றவருக்கும் அதே நடைதான், அதே கண்ணாடிதான் என்று தெரியவர எனக்கு இருபது ஆண்டுகள் ஆகின. தொலைக்காட்சியில் அந்த நடையைப் பார்க்கலாம். உள்ளே நடந்ததை அவர் சொன்னால்தான் தெரியும். மாமாவுக்கு என் பதில் இதுதான்.

சரி, டன்ஃபி. அவரே ஒரு காலத்தில் அயர்லாந்து அணியின் நடுக்கள வீரர். கழக ஆட்டம் லண்டனின் மில்வோலில். துறைமுகத் தொழிலாளர்களின் ஆதரவில் வளர்ந்த கழகம் அது. துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு அந்த மனிதர்களை எளிதில் புரியும். 1973-74 பருவத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பு 1976இல் நூலாக வந்தது. அதில் கிண்ணம் எதுவும் இல்லை. நம்பிக்கையோடு தொடங்குகிறார். அணி தோற்கத் தொடங்குகிறது. அவருடைய இடம் பறிபோகிறது. சில மாதங்களிலேயே கழகத்தை விட்டுப் போகிறார். வெளியே உட்காரவைக்கப்பட்ட நாட்களில் ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறார்: தன் அணி தோற்க வேண்டும் என்று மனம் விரும்பியதாம். வென்றால் தனக்கு இடம் கிடைக்காதே. நண்பர்கள் விளையாடுகிறார்கள், கைதட்டவும் வேண்டும், உள்ளே இப்படி ஒரு விருப்பம். எத்தனை வீரர்கள் இதை வெளியே சொல்லியிருப்பார்கள்? என்னைக் கேட்டால், உதைபந்தாட்டத்தைப் பற்றி வந்த நூல்களில் இதற்கு இணையானது மிகக் குறைவு.

இன்னும் வேண்டுமென்றால், குடிப் பழக்கத்தோடு போராடிய டோனி அடம்ஸ், போல் மெக்ராத் இருவரின் நூல்களையும் தேடுங்கள். இங்கிலாந்து வீரர் லென் ஷாக்கிள்டன் 1955இல் எழுதிய நூலில், கழக இயக்குநர்களுக்கு உதைபந்தாட்டம் எவ்வளவு தெரியும் என்ற தலைப்பின் கீழ் ஒரு பக்கத்தை வெறுமையாகவே விட்டிருந்தார்.

ஆங்கிலம் கடினமாக இருக்கும் என்று தயங்க வேண்டாம். நாட்குறிப்பு என்பதால் டன்ஃபியை ஒரு நாளுக்கு ஒரு பக்கமாக வாசிக்கலாம். புதிதாக வாங்கவும் வேண்டாம், என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் ஏகாம்பரம் மைதானத்துக்கு வந்தால் தருகிறேன். வெளியே உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றிய பக்கத்தை மட்டும் மாமாவுக்குத் தமிழில் சொல்லிக்காட்டுங்கள். அவரும் ஏதாவது ஓர் ஆட்டத்தில் வாங்கில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு மனதுக்குள் என்ன நினைத்தார் என்று கேளுங்கள்.