அறுபது வருட வேலியும் 316 லிங்க் கணக்கும்

வணக்கம். எங்கள் நிலத்துக்கும் மாதா கோயில் நிலத்துக்கும் இடையிலான பின்பக்க எல்லைக்கல் கிடைத்துவிட்டது. முழங்கால்வரை மண்ணோடு நிற்கிறேன்; தே தாரிக்கூட இன்னும் குடிக்கவில்லை. அதைக் குடிக்காமல் நான் கேமராவைத் திறப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இன்றைய மகிழ்ச்சி எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சென்ற மாதக் காணொளியில் மாதா கோயில் வேலியருகே நின்று புலம்பினேன் அல்லவா? கோயில் எங்கள் நிலத்தை விழுங்கிவிட்டது என்று அப்பா தம் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், வெள்ளைக்காரர்களின் ரப்பர் எஸ்டேட்டுகள் கூறுபோட்டு விற்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, தாத்தா வாங்கிய இரண்டு ஏக்கர் இது. அந்தத் துண்டாடலைச் சமாளிக்கத்தான் மலேசியாவில் எங்கள் பேராக் மாநில மண்ணிலிருந்து சென்ற அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தாத்தாவோ கூட்டுச் சேராமல் தனியாகவே வாங்கினார்; அது எங்கள் குடும்ப குணம்.

லைசென்ஸ் பெற்ற நில அளவையாளர் கொடுத்த பழைய அளவைப் படத்தின் நகலில் மீட்டரே இல்லை. எல்லாம் செயின், லிங்க். ஒரு செயின் 66 அடி, அதில் நூறு லிங்க். ஆகவே ஒரு லிங்க் 7.92 அங்குலம். சாலையோரக் கல்லிலிருந்து பின்பக்கக் கல்வரை 316 லிங்க் என்று போட்டிருந்தது. மீட்டருக்கு மாற்றினால் 63.57. இந்தப் பெருக்கலை நான் கைப்பேசியில் மூன்று முறை, தாளில் ஒரு முறை செய்தேன்.

இப்போது அளவு நாடாவின் விலையைப் பற்றிச் சொல்லாமல் நகர மாட்டேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் முப்பது மீட்டர் நாடா 62 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். அதே நிறம், அதே மஞ்சள் உறை, பாசாருக்குப் பின்னால் 47 வெள்ளி 90 சென்! பதினான்கு வெள்ளி வித்தியாசத்தில் நான்கு பேர் ரொட்டி சானாய் சாப்பிடலாம். முப்பது மீட்டர் நாடா என்பதால் மூன்று முறை நகர்த்தி வைத்து அளக்க வேண்டியிருந்தது, ஆனால் அதற்காக நான் வருந்தவில்லை. கைப்பேசிச் செயலியில் எல்லை பார்க்கலாமே என்று எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை: கைப்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர்கள் தவறக்கூடியது, எங்கள் தகராறு முழுவதுமே ஏறக்குறைய இரண்டு மீட்டருக்குள் அடங்கியது. அந்தச் செயலிகளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

ஒன்றை மறந்துவிட்டேன். திசை எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். படத்தில் சாலையோரக் கல், எங்கள் பின்பக்கக் கல், ஓடைக்கு அப்பால் உள்ள அடுத்த லோட்டின் (நிலத்துண்டின்) கல் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. முதலும் கடைசியும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆகவே நைலான் கயிற்றை அந்த இரண்டையும் பார்த்து இழுத்துக் கட்டி, அதன்மேல் நாடாவை ஓட்டினேன். 63.57இல் இரும்புக் கம்பியால் குத்தியபோது முதலில் வேர்தான் தட்டுப்பட்டது, ஒரு சாண் தள்ளிக் குத்தியதும் 'டக்' என்றது. அந்த ஓசையை மட்டும் பதிவு செய்யத் தவறிவிட்டேன்.

கயிற்றோடு வேலியை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. தாத்தா, எஸ்டேட் காலத்துப் பால்மரங்களையே, அதாவது ரப்பர் மரங்களையே, கம்பமாக வைத்து, மரத்துக்கு மரம் கம்பி கட்டியிருக்கிறார். அதனால் வேலி உண்மையான எல்லையைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. சாலைப் பக்கம் 23.5 மீட்டர் நீளத்துக்கு, எங்கள் நிலத்தில் ஒரு மெல்லிய முக்கோணம் கோயிலின் வண்டிப்பாதையாகிவிட்டது; ஏறக்குறைய 14 சதுர மீட்டர். பின்பக்கம் 40 மீட்டர் நீளத்துக்குக் கோயிலின் நிலம் எங்களிடம் இருக்கிறது. அது 42 சதுர மீட்டர். அதில் வாழைக்கொத்துகளும், அப்பா தம் கையால் நட்ட ரம்புத்தானும் நிற்கின்றன. விழுங்கியவர்கள் நாங்கள்தான், அதுவும் மூன்று மடங்கு.

அறுபது வருடம் அனுபவித்த நிலம் உங்களுடையதுதான் என்று பலர் ஆறுதல் எழுதியிருந்தீர்கள். நன்றி, ஆனால் மலேசியாவில் அது செல்லாது. தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி, எத்தனை காலம் ஆக்கிரமித்திருந்தாலும் கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) பெயர் உள்ளவர் நிலத்தை மீட்க அது தடையாகாது. கோயிலின் காடிகள் அறுபது வருடம் அந்தப் பாதையில் ஓடியதாலும் அவர்களுக்கு வழியுரிமை பிறந்துவிடாது.

சாலைப் பக்கத் துண்டைக் கோயிலும் பின்பக்கத் துண்டை நாங்களுமாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, எனக்குச் சம்மதம், ஆனால் கிராண்ட் என் பெயரில் இல்லையே, மறைமாவட்டம்தான் கையெழுத்துப் போட வேண்டும்" என்றார். அது நியாயமே. பெரிய முட்டுக்கட்டை எங்கள் பக்கம்தான் இருந்தது. பகுதி மாற்ற வேண்டுமானால் முதலில் லோட்டைப் பிரித்து, பிறகு பெயர் மாற்றி, அடுத்த லோட்டோடு இணைக்க வேண்டும். விவசாய நிலத்தைப் பிரித்தால் எந்தத் துண்டும் ஒரு ஹெக்டரில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது. அதாவது 4,000 சதுர மீட்டர். என் துண்டு 14! அதோடு எங்கள் கிராண்ட் விவசாய வகை, அவர்களுடையது கட்டட வகை. இரு தரப்பும் நிலத்தை மாநில அரசிடம் ஒப்படைத்து மீண்டும் பெறுவது என்றொரு வழியும் உண்டு என்று அளவையாளர் சொன்னார்; அதன் செலவைக் கேட்டதும் வாழைக்கொத்துகள் மேல் இருந்த பாசம் குறைந்துவிட்டது.

கடைசியில் ஒத்துக்கொண்டது இதுதான்: பின்பக்க வேலியை நான் கயிற்றுக் கோட்டுக்கே நகர்த்திக்கொள்கிறேன். அது அதிகபட்சம் 2.1 மீட்டர். ரம்புத்தான் கோயிலுக்குப் போகிறது, எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான். சாலைப் பக்கத் துண்டு எங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் கோயிலுக்கு வழியுரிமையை நில அலுவலகத்தில் இரண்டு கிராண்டிலும் பதிவு செய்துகொடுப்பேன். பதிவு செய்த வழியுரிமை என்றால் போய்வரலாம்; கொட்டகை கட்டித் தமதாக்கிக்கொள்ள முடியாது. வாய்ப்பேச்சாக விட்டால் அடுத்த தலைமுறை மறுபடி வேலியருகே நின்று புலம்பும். அம்மா மட்டும், அப்பாவிடம் இதை யார் சொல்வது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது.

கல் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நிமிர்த்த வேண்டும் என்று கை துடிக்கிறது, ஆனால் அதைத் தொட லைசென்ஸ் பெற்ற அளவையாளருக்கே உரிமை. அவர் செவ்வாய்க்கிழமை வருகிறார். அதுவரை அதன்மேல் சிவப்பு வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அந்த வாளியைத் துணி துவைக்க எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.