முன்னால் வெளிச்சம், பின்னால் இருட்டு

நேயர்களுக்கு வணக்கம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு புது பைக்கோ ஸ்கூட்டரோ வாங்கியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். பட்டப்பகலில் எதிரே வருபவர் விரல்களைக் குவித்து விரித்து, "லைட் எரியுது" என்று அக்கறையாகக் காட்டுவார். ஆனால் அணைக்க முடியாது. இன்ஜின் ஓடும்போது இருசக்கர வண்டியின் முன்விளக்கு தானாக எரிய வேண்டும் என்று அப்போதே விதி வந்துவிட்டது.

கார்களில் இதே வேலையைச் செய்வதுதான் டிஆர்எல், அதாவது பகலில் எரியும் முன்விளக்கு. நாம் பாதையைப் பார்ப்பதற்காக அல்ல, மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதற்காக. ஸ்வீடனில் 1977-லேயே பகலிலும் விளக்கு கட்டாயம், ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் புதிய மாடல் கார்களுக்குக் கட்டாயமாக்கியது.

அதெல்லாம் வெயிலே எட்டிப் பார்க்காத ஊர், சென்னை வெயிலுக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சுள்ளென்று வெயில் அடிக்கும்போதுதான் மரநிழலும் மேம்பாலத்து நிழலும் கருப்பாகத் தெரியும், அதற்குள்ளிருந்து வரும் சாம்பல் நிறக் கார் கண்ணில் படவே படாது. அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை! மதியம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வரும்போது, ஈசிஆரில் சாலையைக் கடக்க நிற்கும் ஒரு பெரியவருக்கு தூரத்தில் வருவது கார்தான் என்று காட்டிக்கொடுப்பது அந்த இரண்டு விளக்குகள்தான். பெட்ரோல் செலவும் பெரிதில்லை. பழைய ஹாலஜன் பல்பு ஒன்றே 55 வாட், எல்இடி டிஆர்எல் அதில் ஒரு சிறு பங்குதான் இழுக்கும்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது, என்னைப் பயமுறுத்துவதும் அதுதான். பெரும்பாலான கார்களில் டிஆர்எல் எரியும்போது பின்விளக்கு எரியாது. முன்னால் வெளிச்சம் தெரிகிறது, டேஷ்போர்டும் பளிச்சென்று இருக்கிறது, ஓட்டுபவர் லைட் போட்டாயிற்று என்றே நினைத்துக்கொள்வார். போன வருடம் ஒரு மழை மாலையில் வேளச்சேரி பக்கம் எனக்கு முன்னால் அப்படி ஒரு கார் போனது. அவர் பிரேக் பிடித்துச் சிவப்பு எரிந்தபோதுதான் அங்கே ஒரு வண்டி இருப்பதே எனக்குத் தெரிந்தது. நடுவில் ஒரு ஸ்கூட்டர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

பைக் ஓட்டுபவர்களின் கவலையும் நியாயமானது. எல்லாக் காரிலும் விளக்கு எரிந்தால் அவர்களுடைய ஒற்றை விளக்கு அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். ஆஸ்திரியா 2005-ல் பகல் விளக்கைக் கட்டாயமாக்கிவிட்டு 2008-ல் அந்த விதியைத் திரும்பப் பெற்றது, இந்தக் கவலை அங்கேயும் பேசப்பட்டது.

இன்னொன்று, கடையில் வாங்கி ஒட்டும் எல்இடி பட்டைகள். கம்பெனி விளக்கின் பிரகாசத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பல கார்களில் இண்டிகேட்டர் போட்டதும் பக்கத்து டிஆர்எல் மங்கும் அல்லது அணையும், அப்போதுதான் திரும்பப் போகிறீர்கள் என்பது எதிரே வருபவருக்குத் தெரியும். ஒட்டிய பட்டைக்கு இந்த விவரமெல்லாம் கிடையாது. தயவுசெய்து அதை வாங்காதீர்கள்.

இன்று மாலை வீட்டு வாசலில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, லைட் சுவிட்சைத் தொடாமல் இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, இறங்கிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால், மழை தூறத் தொடங்கியதுமே ஹெட்லைட் சுவிட்சை நீங்கள்தான் போட வேண்டும்.