சோர்ஸ் கோடு கசிந்தால் திருடனுக்கு என்ன கிடைக்கும்?

(திரையில்: நாலறை வீவக வீட்டின் வரைபடம்)

ஒரு நிறுவனத்தின் சோர்ஸ் கோடு (மென்பொருளை உருவாக்க எழுதும் மூல நிரல்) கசிந்துவிட்டது என்று செய்தி வந்தாலே, “போச்சு, எல்லாம் போச்சு” என்று பதறுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். இந்த வீவக வீட்டின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் வீட்டில் திருட்டு நடந்துவிடாது. ஆனால் வரைபடத்தின் பின்னால் வீட்டுச் சாவியையும் ஒட்டி வைத்திருந்தால்?

2018 பிப்ரவரியில் ஐபோனைத் தொடக்கி வைக்கும் ஐபூட் மென்பொருளின் பழைய கோடு, கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வந்து விழுந்தது. எங்கள் பாதுகாப்பு கோடின் ரகசியத்தை நம்பியதல்ல என்றது ஆப்பிள். சரியான பதில்தான். ஆனால் எல்லோராலும் அப்படிச் சொல்ல முடியாது.

(திரையில்: 2004)

விண்டோஸ் 2000-இன் ஒரு பகுதி கசிந்த சில நாள்களிலேயே, அதைப் படித்த ஒருவர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் ஓட்டை கண்டுபிடித்தார். ஒரு பிஎம்பி படத்தைத் திறந்தாலே போதும், கணினி எதிரியின் கைக்குப் போய்விடும். கோடு இல்லாமலும் இப்படிப்பட்ட ஓட்டையைக் கண்டுபிடிக்கலாம், நாளாகும். கசிவு அந்த நாள்களை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

(திரையில்: ஒரு சாவிக்கொத்து)

என்னைக் கேட்டால், கோடைவிட அதோடு சேர்ந்து போகும் பொருள்கள்தான் பெரிய தலைவலி. 2016-இல் ஊபர் பொறியாளர்களின் தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்துக்குள் புகுந்தவர்களுக்கு அமேசான் கிளவுட் சாவி, அதாவது உள்ளே நுழைவதற்கான ரகசியக் குறியீடு, அங்கேயே கிடைத்தது. விளைவு, 57 மில்லியன் பேரின் விவரங்கள் போயின. 2022-இல் சிப் நிறுவனமான என்விடியாவிலிருந்து திருடிய கும்பல், மென்பொருளில் ‘இது எங்களுடையதுதான்’ என்று முத்திரை குத்தும் சான்றிதழ்களையும் வெளியிட்டது. அவை காலாவதியானவை. ஆனாலும் அந்த முத்திரையோடு வந்த டிரைவர்களை (கணினிக் கருவிகளை இயக்கும் மென்பொருள்களை) விண்டோஸ் ஏற்றுக்கொண்டது! தீநிரல்காரர்கள் சும்மா இருப்பார்களா?

பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான சைமன்டெக்கின் கதை இன்னும் மோசம். கோடு திருடு போனது 2006-இல். தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் அதன் பிசிஎனிவேர் மென்பொருளை இப்போதைக்கு அணைத்து வையுங்கள் என்று பயனர்களுக்குச் சொன்னது 2012-இல்.

சரி, சாங்கி பிசினஸ் பார்க்கிலோ ஒன்-நார்த்திலோ கோடு எழுதுபவர் நீங்கள். கோடில் பாஸ்வேர்டு இருப்பதைப் பார்த்துவிட்டு அந்த வரியை அழித்தால் போதுமா? போதாது. கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருள் பழைய பதிப்புகளையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கும், திருடன் அங்கேதான் முதலில் தேடுவான். அந்தச் சாவியையே செல்லாததாக்கி, புதிதாக ஒன்றை உருவாக்கி, கோடுக்கு வெளியே சாவிகளுக்கென்று இருக்கும் பெட்டகத்தில் வையுங்கள்.

கசிவு நடந்தேவிட்டால் முதல் வேலை, களஞ்சியத்தில் இருந்த எல்லாச் சாவிகளையும் அன்றைக்கே மாற்றுவது. எதிரி பயன்படுத்தினானா என்று ஆராய்வதெல்லாம் அப்புறம். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பில் இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் சிங்செர்ட் பிரிவிடம் இணையம் வழியாகவே புகார் கொடுக்கலாம். வாடிக்கையாளர்களிடமும் சொல்லிவிடுங்கள், ஆறு வருஷம் கழித்து அல்ல.